ரெண்டு மில்லிமீட்டர் பார்டர்

உட்காருங்க அண்ணாச்சி. ஆனா ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ஒத்தப்பனை விலக்கு ஸ்டாப்புல ஒருத்தன் ஏறுவான். அவன் ஏறினா நீங்க எந்திரிச்சிடணும். இது அவன் சீட்டு. பையைப் போட்டுப் பிடிச்சு வச்சிருந்தேன், நீங்க பையைத் தூக்கி என் மடியில வச்சிட்டு உட்கார்ந்துட்டீங்க. பரவாயில்ல, அதுவரைக்கும் உட்காருங்க.

பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுறதான்னு பார்க்கிறீங்க. நான் இப்படித்தான். பள்ளிக்கூடத்துல இதுக்குன்னே தனியா அடி வாங்கியிருக்கேன்.

ஏறுவானான்னு கேட்டா, தெரியாது. மூணு நாளா ஏறல. போனும் எடுக்கல. ஆனா இன்னைக்கு ஏறியாகணும். பதினொன்றரை மணிக்கு நாங்க ரெண்டு பேரும் ஜோடியா நின்னு இந்த போஸ்டரைக் காட்டணும். இந்த அட்டைக் குழாய்க்குள்ள இருக்கு. கோயம்புத்தூர்ல இருந்து பிரஸ்காரங்க வர்றாங்க, பெரிய பிரிண்டிங் பிரஸ். எங்க கிளாஸ்ல ஒரு ஜோடியை வேலைக்கு எடுப்பாங்க. ஒத்தையா எடுக்க மாட்டாங்களாம். ஜோடியில ஒருத்தன் வரலைன்னா மத்தவனும் பெஞ்சுல உட்கார்ந்து அடுத்தவங்க போஸ்டருக்குக் கை தட்ட வேண்டியதுதான்.

எனக்கு இந்த வேலை வேணும் அண்ணாச்சி. சுத்தி வளைக்கல. பதினோராவதுல பாதியில நின்னேன், ரெண்டு வருஷமாச்சு. எங்க அப்பா இப்ப என் பேரையே சொல்றதில்ல. "சும்மா இருக்கவன எங்க?"ன்னுதான் கேக்காரு. நானும் "இங்க இருக்கேன்"னு போய் நிக்கேன். என் பேரு இசக்கிராஜா. ஏற வேண்டியவன் பேரு சந்தனகுமார்.

இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுறாரு? மாட்டு வண்டியே முந்திப் போயிரும் போல.

என்ன கிளாஸா? டிசைன் கிளாஸ். கிராஃபிக் டிசைன். போஸ்டர், பேனர், பாக்கெட் மேல வர்ற லேபிள், எல்லாம். ஒரு டிரஸ்ட் நடத்துது, மூணு மாசம், இலவசம். பாளையங்கோட்டையில எலக்ட்ரிகல் கடை மாடியில. பன்னெண்டு பேரு, பத்து கம்ப்யூட்டர். ஏசி ரூம்னு சொன்னாங்க, அதுக்காகத்தான் சேர்ந்தேன். ஏசி ஓடாது, அது வேற விஷயம்.

சொல்லித் தர்றவங்க ஜெனோவா மிஸ். பாண்டிச்சேரி. எங்களைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். முதல் நாள் வந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? "நல்ல டிசைன்னா பார்க்கிற எல்லாருக்கும் அதுல ஒரு இடம் இருக்கணும். யாரும் 'இது எனக்கு இல்ல'ன்னு நினைச்சிட்டுப் போயிடக் கூடாது." கண்ணு மங்கினவங்களுக்கு எழுத்து எவ்வளவு பெருசு இருக்கணும், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு எப்படிப் பண்ணணும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்கு எப்படிப் பண்ணணும், எல்லாம் படம் போட்டுக் காட்டினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நான் தூங்கல.

அப்புறம்தான் அந்த ரிப்பன்.

எல்லாரும் பழகணும்னு ஒரு விளையாட்டு. ஒரு டப்பாவுல ரிப்பன் துண்டு வெட்டி வச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு கலர், சேர்த்துத் தைச்சது. கண்ணை மூடிட்டு எடுக்கணும், கையில கட்டிக்கணும், ஒரே மாதிரி ரிப்பன் யாருக்கு வருதோ அவங்க ரெண்டு பேரும் ஜோடி. மூணு மாசத்துக்கும் அந்த ஜோடிதான்.

சிரிக்கிறீங்க பாருங்க. உங்களுக்குத் தெரியுது. இந்தப் பக்கத்துல ரெண்டு கலரைச் சேர்த்துக் கையில கட்டினா அது சாதின்னு பாலர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இன்ன ரெண்டு கலருன்னா இன்ன ஆளு. பள்ளிக்கூடத்துல கயிறு கட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பாங்க. அந்த நோட்டீஸை ஒட்டுன வாத்தியாரே நம்ம கையைப் பார்த்துட்டுத்தான் மார்க்குப் போடுவாரு. பாண்டிச்சேரியில அதெல்லாம் இல்ல போல. மிஸ் பாட்டுக்கு ரெண்டு ரெண்டு கலரா எங்க கையில கட்டுறாங்க.

எந்தக் கலருன்னு கேட்காதீங்க, சொல்லமாட்டேன். சொன்னா நான் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும், நீங்க யாருன்னு உங்க மூஞ்சியில எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் பேச முடியாது.

நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், என் கையில அவங்க கலரு. அவங்கன்னா சந்தனகுமாரோட ஆட்கள். உருவித் தரையில போட்டுட்டேன். திரும்பிப் பார்த்தா மூணாவது பெஞ்சுல சந்தனம் அதே ரிப்பனை, அவனுக்கு அது சொந்தக் கலரு, மெதுவா அவுத்துக்கிட்டு இருக்கான். மிஸ், "பிடிக்கலையா? வேற எடுத்துக்கங்க"ன்னு டப்பாவை நீட்டுறாங்க. டப்பா பூராவும் சாதி.

அப்ப நஸ்ரின்னு மேலப்பாளையத்துப் பிள்ளை ஒண்ணு கேட்டுச்சு, "மிஸ், நீங்க எந்த ஊரு?" மிஸ் சந்தோஷமா "பாண்டிச்சேரி"ன்னாங்க. நஸ்ரின், "அதான பார்த்தேன்"னுச்சு.

ஒரே ரிப்பன் வந்ததால நானும் சந்தனமும் ஜோடி. நான் நேராப் போய், "மிஸ், வேற ஆளு குடுங்க"ன்னேன். "ஏன்?" "அவனை எனக்குப் பிடிக்காது." "அவர்கிட்ட இதுக்கு முன்னாடி பேசியிருக்கியா?" "இல்ல." "பேசினதுக்கப்புறம் பிடிக்கலைன்னா சொல்லு."

பொய் சொன்னேன். அவனை எனக்கு முன்னாடியே தெரியும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பதினோராவதுல ஒருநாள் அவன் கையில கட்டியிருந்த கயித்தை நான் அறுத்துட்டேன். விளையாட்டுக்குத்தான் அண்ணாச்சி. பென்சில் சீவுற பிளேடு கையில இருந்துச்சு, இழுத்தேன். கயிறு அறுந்துச்சு, கூடக் கொஞ்சம் தோலும். மூணு தையல். எந்தக் கைன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவு சின்ன விஷயம். அதுக்குப் போய் ரெண்டு ஊர்லயும் ஆள் கூடிட்டாங்க, போலீஸ் வேன் வந்துச்சு, பத்து நாள் பஸ் ஓடல. எனக்கு டிசி குடுத்துட்டாங்க. அவனுக்குக் குடுக்கல. அவங்க அப்பாதான் பயந்துபோய், இந்த கிளாஸ் வர்ற வரைக்கும் அவனைத் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு அனுப்பி வச்சிருந்தாரு. அது அவங்க குடும்பத்து முடிவு. நான் போகச் சொல்லல.

என் கையில கயிறு இல்லையான்னா இருந்துச்சுதான். ஆனா அது அப்படி இல்ல. அது சின்ன வயசுல இருந்து கட்டுறது, கோயில் கொடைத் திருவிழா வரும்போதெல்லாம் புதுசு கட்டுவாங்க, சாமி கயிறு மாதிரி. அவன் கட்டினது வேணும்னே கட்டினது. ரெண்டும் ஒண்ணா?

என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க.

சரி, கதைக்கு வர்றேன். மறுநாள் மிஸ் முகமே வேறயா இருந்துச்சு. யாரோ சொல்லியிருக்காங்க. நாங்க திட்டு விழும்னு உட்கார்ந்திருக்கோம், இல்ல மன்னிப்புக் கேட்டு அழப் போறாங்கன்னு உட்கார்ந்திருக்கோம். ரெண்டும் இல்ல. சுவர்ல ஒரு பெரிய வெள்ளை சார்ட்டை ஒட்டினாங்க. "நான் அஞ்சு வருஷம் கலர் படிச்சேன். உங்க ஊரு கலர் ஒண்ணுகூட எனக்குத் தெரியல. எந்தக் கலரை எங்க வைக்கக் கூடாது, ஏன் வைக்கக் கூடாது, எல்லாத்தையும் எழுதுங்க. சாதிப் பேரு மட்டும் வேண்டாம். இன்னைக்கு நீங்க சொல்லிக் குடுங்க"ன்னு மார்க்கரை நீட்டிட்டுக் கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்துட்டாங்க.

ஒருத்தன் போய் "கறுப்பு, கல்யாண வீடு"ன்னு எழுதினான். இன்னொருத்தன் "காவி"ன்னான். "சிவப்பு கூடக் கறுப்பு, கட்சி." "பூ வட்டத்துக்குள்ள போட்டோ, செத்தவங்களுக்கு மட்டும்." அது நான் சொன்னது. ஃப்ளெக்ஸ் கடையில ஒரு மாசம் இருந்தப்ப ஒரு கவுன்சிலர் பிறந்தநாளுக்கு ரோஜாப்பூ வட்டம் வச்சு பேனர் போட்டேன். அவரு வீட்டுக்கு மாலையோட நாலு பேரு வந்துட்டாங்க. எனக்கு அன்னைக்கே கடைசி நாள்.

ஒருத்தன் "பச்சை"ன்னு எழுதப் போனான். நஸ்ரின் எந்திரிச்சிருச்சு. "எழுதாத. எங்க பேரு வந்தாலே பச்சையைக் கொட்டி ஒரு பிறையைச் சொருகிருதீய. எங்க வீட்டுச் சுவரு ரோஸு. எங்க உம்மாவுக்கு ரோஸுன்னா உசுரு. அதை எழுதுல."

மத்தியானத்துக்குள்ள சார்ட் நிறைஞ்சிருச்சு. ஒரு கலரும் மிச்சமில்ல. ரெண்டு கலரைச் சேர்த்தா ஒண்ணு சாதி, இல்லைன்னா கட்சி, இல்லைன்னா சாமி. மிஸ் பின்னாடி இருந்து, "எதுவுமே மிச்சம் இல்லையா?"ன்னு கேட்டாங்க. "சிமெண்ட் கலரு இருக்கு மிஸ்"னு ஒருத்தன் சொன்னான். "அது எங்க மாமா கலரு. கொத்தனாரு"ன்னான் இன்னொருத்தன். அன்னைக்குத்தான் அந்த ரூம்ல எல்லாரும் சேர்ந்து முதல் தடவை சிரிச்சோம். சந்தனமும் சிரிச்சான். பல்லு கோணலா இருக்கும் அவனுக்கு. பதினோராவது வரைக்கும் ஒண்ணாப் படிச்சிருக்கேன், அது எனக்குத் தெரியாது.

மிஸ் அன்னைக்கு ஒரு விதி போட்டாங்க. எதையும் பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட காட்டணும். உன் வீட்டு ஆளு கூடாது, உன் தெரு ஆளு கூடாது. காட்டும்போது விளக்கம் சொல்லக் கூடாது. "காட்டு, வாயை மூடு, அவங்க முதல்ல என்ன சொல்றாங்களோ அதுதான் உன் டிசைன். நீ நினைச்சது இல்ல." இதையே மூணு மாசமும் சொன்னாங்க. காது புளிச்சுப் போச்சு.

மானூர் தாண்டிட்டமா? இன்னும் இல்லையா? மணி என்ன? என் போன்ல பார்த்தா அவன்கிட்ட இருந்து ஏதாவது வந்திருக்கான்னு பார்க்கத் தோணும். அதான் உங்ககிட்ட கேக்கேன்.

சந்தனமும் இதே பஸ்தான். முதல் ரெண்டு வாரம் நான் முன்னாடி, அவன் கடைசி சீட்டு. ஒருநாள் கூட்டம், நிக்க இடமில்ல, என் பக்கத்துல மட்டும் காலி. ஏறினவன் பார்த்துட்டு நின்னுகிட்டே வந்தான். எனக்கு எரிச்சலாயிருச்சு. "என்னல, சீட்டுல முள்ளா இருக்கு?"ன்னேன். உட்கார்ந்தான். ஜங்ஷன் வரைக்கும் பேசல. மறுநாள் நானே பையைப் போட்டு வச்சேன். எதுக்குன்னு கேட்டா தெரியாது. வேலை இருந்துச்சு, பேசணும்ல. ஜோடின்னா பேசித்தான ஆகணும்.

அவன் கையால நல்லா வரைவான். எனக்கு வரைய வராது, ஆனா கம்ப்யூட்டர்ல வேகம். அவன் ஒரு மணி நேரம் ஒரு விரலை வரைவான், நான் அதுக்குள்ள மூணு போஸ்டர் பண்ணிடுவேன். மூணும் நல்லா இருக்காது.

கடைசிப் பரீட்சைக்கு மிஸ், "உங்க ஊருக்கு நிஜமாவே வேணும்கிற ஒரு போஸ்டர் பண்ணுங்க"ன்னாங்க. சந்தனம் உடனே "வாலிபால்"ன்னான். முன்னெல்லாம் எங்க ஊரு, அவன் ஊரு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இன்னொரு ஊரு, மூணும் சேர்ந்து கம்மாய்க்கரைப் பொட்டல்ல வருஷா வருஷம் ஆடுவாங்க. நாலு வருஷம் முன்னாடி முகப்பு பேனரை எந்தக் கலர்ல போடுறதுன்னு தகராறு, நின்னுபோச்சு. திரும்ப நடத்தலாம்னு மூணு ஊர்லயும் பயலுக பேசுறாங்க. யாரு பேனர் போடுறதுங்கிற இடத்துல வந்து நின்னுருது. நாங்க பண்ற போஸ்டரை மூணு ஊரும் ஒத்துக்கிட்டா ஆடலாம். அப்படி ஒரு யோசனை அவனுக்கு.

"எழுத்தை இன்னும் பெருசாக்கு"ம்பான்.

"ஏம்ல?"

"எங்க பெரியம்மைக்குத் தெரியணும்."

"உங்க பெரியம்மையா வாலிபால் ஆடப் போறா?"

"ஆடமாட்டா. ஆனா எவன் ஆடுதான்னு பார்க்க வருவா. கடைசி வருஷம் அம்பயரை ஏசினதே அவதான்."

பெருசாக்கினேன். பெருசா இருந்தா நல்லாத்தான் இருந்துச்சு.

படம் அவன் யோசனை. தரையில மல்லாக்கப் படுத்துப் பார்க்கிற மாதிரி. மேல பந்து, அதைத் தொட ஆறு கை எழும்புது. மூஞ்சி கிடையாது, சட்டை கிடையாது. கை மட்டும். ஒரு கையிலயும் கயிறு இல்ல, வாட்ச்கூட இல்ல. மொட்டை மாடியில அவன் கையைத் தூக்கிட்டு நின்னான், நான் கீழ படுத்து போட்டோ எடுத்தேன். அதைப் பார்த்து வரைஞ்சான். வரையும்போது மணிக்கட்டுல இருந்த அந்தத் தழும்பையும் ஒரு கோடா வரைஞ்சான். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.

பின்னாடி கலருக்கு நாலு நாள் மண்டையை உடைச்சோம். எதை வச்சாலும் யாருக்காவது சொந்தம். கடைசியில அவன் வீட்டுப் பரண்ல கிடந்த பழைய பந்தை எடுத்துட்டு வந்தான், நாலு வருஷம் முன்னாடி ஆடினது. "இந்தக் கலரைப் போடு"ன்னான். வெள்ளையா இருந்து, மண்ணு பட்டு, வேர்வை பட்டு, ஒரு மாதிரி ஆயிருந்துச்சு. போட்டோ எடுத்து அதுல இருந்தே கலரை எடுத்தேன். அழுக்குக் கலரு. "இது எவன் கலரு?"ன்னேன். "ஆடினவன் கலரு"ன்னான்.

சனிக்கிழமை மிஸ்கிட்ட காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதைத் தொடாதீங்க. மூணு பேர்கிட்ட காட்டிட்டு பிரிண்ட் எடுங்க"ன்னாங்க. அவ்வளவுதான். சந்தனம் அன்னைக்கு பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான். விலக்கு வந்ததும் நான்தான் எழுப்பி விட்டேன்.

ஞாயித்துக்கிழமை நான் கொஞ்சம் தொட்டேன்.

கொஞ்சம்தான். வீட்டுல எங்க சித்தப்பா லேப்டாப்புல போட்டுப் பார்க்கிறேன், அவரும் பக்கத்துல நின்னு பார்க்காரு. "என்னல, செத்துக் கிடக்கு?"ன்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பிரஸ்காரங்க முன்னாடி வைக்கிறது, பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? ஒரு பார்டர் குடுத்தேன். ரெண்டு மில்லிமீட்டர். உள்ள ஒரு கோடு, வெளிய ஒரு கோடு. கண்ணு மங்கினவங்களுக்கு ஓரம் எதுன்னு தெரியணும்ல, மிஸ் சொல்லிக் குடுத்ததுதான். ரெண்டு கோட்டுக்கும் ரெண்டு கலரு. எனக்கு எது கைக்கு வருமோ அது. அதுல ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்ல. பார்த்தா அவனுக்கு சீட்டுப் பிடிப்பேனா?

அப்புறம் அந்தக் கையில இருந்த கோட்டை எடுத்துட்டேன். பிரிண்ட்ல அழுக்கு விழுந்த மாதிரித் தெரியும். அதுக்குன்னே ஒரு பிரஷ் இருக்கு, பரு, தழும்பு எதுவா இருந்தாலும் மேல தேய்ச்சா சுத்தமா மறைஞ்சிரும். கல்யாண ஆல்பம் பண்றவங்க அதுலதான் பொழைக்காங்க.

திங்கக்கிழமை காலையில அவனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினேன். "ஃபினிஷிங் எப்படி"ன்னு கேட்டு. பார்த்துட்டான். நீலக் கோடு ரெண்டு விழுந்துச்சு. பதில் இல்ல. அன்னைக்கு பஸ்ல ஏறல. செவ்வாய் ஏறல. நேத்து ஏறல. ஒவ்வொரு நாளும் இந்த சீட்டுக்கு நான் ஆட்களோட சண்டை போட்டுட்டு வர்றேன். என்ன கோவம்னே தெரியல. காய்ச்சலா இருக்கும், இல்ல அவங்க அக்கா வீட்டுல ஏதாவது விசேஷமா இருக்கும். மிஸ்கூட நேத்துக் கேட்டாங்க, "நீ அனுப்பினதுல என்ன மாத்தின?" "ஒண்ணும் இல்ல மிஸ், கொஞ்சம் ஃபினிஷிங்." "மூணு பேர்கிட்ட காட்டினியா?" "காட்டினேன்."

காட்டல. எங்க நேரம்? நேத்து சங்கரன்கோவில்ல குடுத்து பிரிண்ட் எடுத்து, அப்படியே குழாய்க்குள்ள சுருட்டிட்டேன். சித்தப்பா பார்த்ததுதான். அவரு கணக்குல வரமாட்டாரு.

நீங்க பார்க்கணுமா? பாருங்க. நீங்க என் வீடு இல்ல, என் தெரு இல்ல. நீங்கதான் முதல் ஆளுன்னு வச்சுக்குவோம். இந்த முனையைப் பிடிங்க. விரல் பதியாம ஓரத்துல பிடிங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், விளக்கம் சொல்லக் கூடாது. பாருங்க. பார்த்துட்டு மனசுல முதல்ல என்ன வருதோ சொல்லுங்க.

ம்.

என்னது?

இன்னொரு தடவை சொல்லுங்க. பஸ் சத்தத்துல சரியாக் கேட்கல.

"நம்ம புள்ளைதானா நீ"ன்னா கேட்டீங்க?

கேட்டுட்டுச் சிரிக்கிறீங்க. இவ்வளவு நேரம் நான் கத்திட்டு வர்றேன், ஒரு வார்த்தை பேசல. இப்ப தோள்ல கையைப் போடுறீங்க. "யாரு வீட்டுப் பய, எந்தத் தெரு"ன்னு கேக்கிறீங்க. கடலை மிட்டாயை எடுத்து நீட்டுறீங்க.

அண்ணாச்சி, அதுல ஆறு கை இருக்கு. பார்த்தீங்களா? பந்து இருக்கு. அவன் பெரியம்மைக்குத் தெரியிற மாதிரி இவ்வளவு பெரிய எழுத்து இருக்கு. மூணு ஊரு பேரு இருக்கு. அவன் பதினெட்டு நாளா வரைஞ்ச விரலு இருக்கு. நீங்க ஓரத்தைப் பார்த்தீங்க. குழாய்ல இருந்து முழுசா விரிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள தெரிஞ்சிருச்சு உங்களுக்கு.

அவனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். போன்ல, இத்தனூண்டு படத்துல.

தோள்ல இருந்து கையை எடுங்க. கோவிச்சுக்காதீங்க, எடுங்க. எனக்கு அந்த மிட்டாய் வேண்டாம்.

இந்தக் குழாயை மடியில வச்சுக்கங்க, இறுக்கிப் பிடிங்க. பையில கட்டர் இருக்கு. போஸ்டரை அது மேல வச்சு ஓரத்தை வெட்டப் போறேன். பஸ் ஆடுது, தெரியும். கோணலாத்தான் போகும், போகட்டும். இந்தப் பக்கம் பிடிங்க. இப்படித்தான், அசையாதீங்க. அந்தத் துண்டைக் கீழ போட்டுறாதீங்க. யாராவது தெரியாம மிதிச்சுத் தொலைச்சா அதுக்கு ஒரு வேன் போலீஸ் வரும். குடுங்க, சட்டைப் பையில வச்சுக்கிறேன்.

இன்னும் ஒரு பக்கம்.

சரி. பார்டர் போச்சு. ஆனா அந்தக் கை இருக்கே, அதை என்ன செய்ய? நான் தேய்ச்சு எடுத்துட்டேனே. அந்தக் கை இப்ப எவன் கையோ மாதிரி இருக்கு. மொழுமொழுன்னு.

விலக்கு வந்துருச்சு. அந்தா பனைமரம். யாராவது நிக்காங்களா? ஜன்னல் பக்கம் நான்தான் இருக்கேன், எனக்கே தெரியுது. ஒரு அம்மா நிக்காங்க, கூடை வச்சுக்கிட்டு. அவ்வளவுதான். வேற ஆள் இல்ல.

கண்டக்டர் அண்ணே, ஒரு ஆளு எறங்கணும். ஆமாண்ணே, ஜங்ஷனுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், பரவாயில்ல, நிப்பாட்டுங்க.

ரெண்டு கிலோமீட்டர் உள்ள நடக்கணும். நான் அவன் ஊருக்குள்ள போனதே இல்ல. என்னைப் பார்த்தா என்ன செய்வாங்கன்னு தெரியாது. அடுத்த பஸ்ஸு பதினோரு மணிக்குத்தான், பதினொன்றரைக்குப் போய்ச் சேர முடியாது. தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்.

உங்க பையில பேனா இருக்கு, பார்த்தேன். குடுங்க. திருப்பித் தர முடியாது, சொல்லிட்டேன். நான் வரைய மாட்டேன், எனக்கு வரைய வராது. அவன்கிட்ட குடுத்துப் போடச் சொல்லுவேன். போடுவானோ, மூஞ்சியில எறிவானோ.

அந்தக் கோடு எந்தக் கையிலயா? இடது கை அண்ணாச்சி. உள்பக்கம், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழ ரெண்டு விரக்கடை தள்ளி. இவ்வளவு நீளம், முடியிற இடத்துல லேசா மேல வளையும். அவன் கையை இழுத்தான், அதனால வளைஞ்சிருச்சு.

காலை ஒதுக்குங்க, எறங்கணும்.